வாசலில் நின்ற கன்னடம்

திம்பம் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி, மூங்கில் காட்டையும் யானைகள் கடக்கும் இடம் என்று எழுதிய பலகைகளையும் தாண்டி, தமிழ்நாடு முடிந்துவிட்டதோ என்று புதிதாக வருகிறவர்கள் சந்தேகப்படத் தொடங்கும் இடத்துக்கும் அது நிஜமாகவே முடிகிற இடத்துக்கும் நடுவே இருக்கிறது மாரனவாடி. முட்டைக்கோசுக்கு விலை இல்லாமல் வயலிலேயே மாடுகளை விட்டு மேய்த்த வருஷம், அந்த ஊரில் ஆட்கள் இரண்டு மடங்கானார்கள். யாரும் புதிதாகப் பிறக்கவில்லை, யாரும் குடிவரவும் இல்லை.

முதலில் பார்த்தவர் சத்தியமங்கலத்திலிருந்து வரும் காலை பஸ்ஸின் கண்டக்டர். அவர் தமிழில் டிக்கெட் கேட்க, ஊர்க்காரர்கள் தமிழில் பதில் சொல்ல, பதில் சொன்ன ஒவ்வொருவர் பக்கத்திலும் அதே முகம், அதே சட்டை, அதே வகிட்டோடு இன்னொருவர் வாயை மூடிக்கொண்டு நிற்பதைக் கண்டார். ஒற்றை யானைக்கு முன்னால் பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொல்லி விசில் ஊதிய மனுஷன் அவர், ஆகையால் பதறவில்லை. "இவங்களுக்கெல்லாம் டிக்கெட் யாரு எடுக்கறது?" என்று மட்டும் கேட்டார்.

பசவண்ணா தன் பக்கத்தில் நின்றவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது என்னோட கன்னடமுங்க. இதுக்கெதுக்கு டிக்கெட்?" என்றார்.

பசவண்ணா சொன்னது சரிதான். மாரனவாடியில் வீட்டுக்கு ஒரு பாஷை, வெளிக்கு ஒரு பாஷை. சாமி கும்பிடுவதும் சண்டை போடுவதும் மாட்டை அதட்டுவதும் குழந்தையைக் கொஞ்சுவதும் கன்னடத்தில். ரேஷன் கடையும் மண்டியும் வனத்துறை செக்போஸ்ட்டும் பள்ளிக்கூடமும் தமிழில். ஒன்றைப் பேசும்போது மற்றது எங்கே போகிறது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. எங்கேயும் போவதில்லை, நாக்குக்குப் பின்னாலேயே பல்லைக் கடித்துக்கொண்டு தன் முறைக்காக நிற்கிறது என்பது இப்போது தெரிந்தது. நின்று நின்று கால் கடுத்துப்போய் வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான். தமிழ் பேசினால் கன்னடம் வெளியே வந்து நின்றது; கன்னடத்துக்கு மாறினால் அது உள்ளே போய், தமிழ் வெளியே வந்து நின்றது. ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாது, ஆனால் உள்ளே போனதும் வெளியே தான் பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் கூடவே கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஊர் அவர்களுக்கு 'நிக்கறவங்க' என்று பெயர் வைத்தது. டீக்கடையில் இன்னொரு பெஞ்ச் போட்டார்கள், டீ குடிக்க அல்ல, வெறுமனே உட்கார. கோயில் பூசாரி ஒருநாள் முழுக்க யோசித்து, நிற்கிறவர்கள் உள்ளே வரலாம், ஆனால் விபூதி ஒரு தடவைதான் என்று தீர்ப்புச் சொன்னார். ஓட்டு கேட்டு வந்த ஒருவர் இவர்களுக்கும் அடையாள அட்டை வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தமிழைத் தவிர வேறெதுவும் தெரியாத, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த போலீஸ்காரர் தெருவில் தன்னந்தனியாக நடந்துபோகும்போது பெண்கள் "பாவம், ஒண்டிக்கட்டை" என்று பரிதாபப்பட்டார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் ஒவ்வொரு வீட்டு வாசற்படிக்கு உள்ளேயும் ஆள் நின்று, வெளியே நிற்கும் தன்னையே அதன் பாஷையில், "வா, சோறு ஆறுது" என்று கூப்பிட்டு உள்ளே சேர்த்துக்கொள்ளும் வழக்கமும் வந்தது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது, ஆனால் அந்த மழைக்காலம் முடிவதற்குள் தொன்றுதொட்டு வந்த வழக்கம்போல ஆகிவிட்டது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் உதவியாளராக இருந்த தேவீரம்மாவுக்கு இதனால் முதலில் லாபம்தான். டாக்டர் அமிர்தகணேசனுக்குக் கன்னடம் தெரியாது, வருகிற நோயாளிகளில் பாதிப் பேருக்கு வலியைத் தமிழில் சொல்லத் தெரியாது. நடுவில் நின்று அந்த வலியை இந்தப் பக்கம் எடுத்துப் போடுவதுதான் தேவீரம்மாவின் வேலை. இப்போது அவள் டாக்டரிடம் தமிழில் பேசிக்கொண்டிருக்கும்போதே, வெளியே வந்த அவளுடைய கன்னடம் பெஞ்சில் நோயாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அவர்கள் முனகுவதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டது. அவள் கன்னடத்துக்கு மாறியதும் அத்தனையும் அவளுக்குத் தெரிந்திருந்தது. டாக்டருக்கும் ஒன்று நின்றது. கோட்டும் டையுமாக அவருடைய ஆங்கிலம் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் பேச ஆளில்லாமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும். "அதைப் பார்க்காதீங்கம்மா, எனக்கே கூச்சமா இருக்கு" என்பார்.

அந்தச் சிரிப்பெல்லாம் சித்தராஜு ஊருக்கு வரும்வரைதான். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போன பையன். அங்கே கன்னடம் பேச ஆளில்லை, கூப்பிட்டு உள்ளே சேர்க்கும் வழக்கமும் இல்லை. ஒரு பண்டிகைக்கு வந்தவனின் பின்னால் அவனுடைய கன்னடம் எலும்பும் தோலுமாக வந்தது. திரும்பிப் போகும்போது அது பஸ்ஸில் ஏறவில்லை. அடுத்த தடவை தனியாக வந்தான். பெற்ற தாய் வாசலுக்கு ஓடிவர, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு, உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தான். நிற்கிறது போனால் பேச்சு மட்டும் போவதில்லை, அந்தப் பேச்சில் வாழ்ந்த வாழ்க்கையும் சேர்ந்தே போகிறது என்று மாரனவாடிக்கு அன்று தெரிந்தது. அதற்குப் பிறகு சாயங்காலக் கூப்பாடு கொஞ்சம் உரக்கக் கேட்டது.

பெரியவர்கள் கூப்பிட்டுக்கொள்வார்கள். குழந்தைகள் என்ன செய்யும்? குருமல்லம்மாவின் மகன் டிவியில் கார்ட்டூன் பார்த்துத் தமிழ் பழகியவன். அவன் அம்மாவோடு கன்னடத்தில் அடம்பிடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வெளியே வந்த அந்தக் குட்டித் தமிழ் ஒரு பட்டாம்பூச்சிக்குப் பின்னால் மூங்கில் காட்டுக்குள் போயிற்று. ஊரே தீப்பந்தமும் தகரமுமாகத் தேடியது. கிடைக்கவில்லை. அன்றிலிருந்து பையன் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, அது என்ன பெட்டி என்று கேட்பவன்போல அம்மாவைப் பார்த்தான்.

அதைப் பார்த்தபின் மாரனவாடித் தாய்மார்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். குழந்தைக்கு ஒரே பாஷை. ஒன்று இருந்தால் நிற்க எதுவும் இருக்காது, காணாமல் போகவும் எதுவும் இருக்காது. எது என்பது அவரவர் பாடு.

தேவீரம்மாவின் மகள் பூர்விகாவுக்கு மூன்று வயது நெருங்கியும் பேச்சு வரவில்லை. ரெண்டு பாஷை போட்டுக் குழப்பாதீங்க என்று நர்சரி மிஸ் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். தேவீரம்மா அதிகம் யோசிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைத் தொட்டுக் காட்டி, நெஞ்சைத் தொட்டுக் காட்டி, கடைசியில் அழுதுவிடுகிற பெண்களை அவள் தினமும் பார்க்கிறவள்.

"என் பொண்ணு எவன் முன்னாலயும் வாயில்லாம நிக்கக்கூடாது. தமிழ்தான்" என்றாள்.

அவள் கணவன் நஞ்சுண்டன் கோசும் பூண்டும் போடுகிறவன். வீட்டில் இனி தமிழ்தான் என்றதும் தலையைச் சொறிந்தான். அவனுக்குத் தமிழ் தெரியும், ஆனால் அவனுடைய தமிழ் மண்டிக்கும் செக்போஸ்ட்டுக்கும் போய்வந்த தமிழ். வீட்டுக்குள் ஒருநாளும் காலை வைத்ததில்லை. அவன் அவளைப் பார்த்து மயங்கியது, இரண்டு வீட்டிலும் சண்டைபோட்டுக் கட்டிக்கொண்டது, ஊடியது, கூடியது எல்லாம் கன்னடத்தில். முதல்நாள் ராகிக்களியை வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வேணுமா?" என்று அவள் தமிழில் கேட்க, "போதுமுங்க, ரொம்ப நன்றிங்க" என்று வியாபாரியிடம் சொல்வதுபோலச் சொன்னான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு வாரம் போனதும் சிரிப்பு வரவில்லை. அவன் வீட்டில் வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டான்.

அவளுடைய கன்னடம் வாசலில் நின்றது. சாயங்காலங்களில் பக்கத்து வீடுகளில் கூப்பாடு எழும்போது அது படிக்கு ஓரடி தள்ளி வந்து நின்று, கூப்பிடுவாள் என்று முகத்தைப் பார்த்தது. ஒரு வார்த்தை கூப்பிட்டால் குழந்தை காதில் விழும். தேவீரம்மா கதவைச் சாத்தினாள். ஆஸ்பத்திரியில்தான் நாளெல்லாம் பேசுகிறோமே, அதற்கு அது போதும் என்று நினைத்தாள். நாம் வேலைக்கு மட்டும் கூப்பிட்டால் யார்தான் எவ்வளவு நாளைக்கு வருவார்கள்? அது வந்தது, ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதமாக வந்தது.

இதற்கிடையில் வேறொன்று நடந்தது. ஒருநாள் பிரசவத்துக்கு வந்த பெண் ஒருத்தி, "உங்களுக்கு ரொம்ப வலிச்சுதாக்கா?" என்று தமிழில் கேட்டாள். தேவீரம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள், ஒன்றும் கிடைக்கவில்லை. பூர்விகா பிறந்த தேதி தெரிந்தது, எடை தெரிந்தது, போட்ட தடுப்பூசிகள் அத்தனையும் தெரிந்தன. அந்த வலி தெரியவில்லை. வெந்நீரும் ரத்தமுமாகக் குழந்தையை மார்பில் போட்ட நிமிஷம் தெரியவில்லை. அவள் அன்று கத்தியது கன்னடத்தில். வீட்டுக்கு வந்து தூங்கும் மகளைப் பார்த்தாள். நல்ல குழந்தை, ஊட்டமான குழந்தை, யாரோ நம்பிக் கொடுத்துவிட்டுப் போன குழந்தை. அப்படித் தோன்றியதும் அவசரமாகக் கிட்டே போனாள். நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள், போர்வையை இழுத்துவிட்டாள். தாய் செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்தாள், பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த வரிசைப்படி.

குழந்தை அவளிடம் வந்தது, சாப்பிட்டது, "அம்மா சொல்லு கண்ணு, அம்மா" என்றால் வாயைப் பார்த்தது. பேசவில்லை. ஆனால் ஜன்னலுக்கு வெளியே நின்ற அம்மாவின் கன்னடத்தைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தது. நிற்கிறவர்களுக்கு நிழல் விழாது என்பது ஊர் அறிந்த விஷயம். ஒரு காலையில் வாசல் பெருக்கும்போது, ஜன்னலுக்குக் கீழே ஒருத்தியின் நிழல் சுவரோரமாக மடங்கி விழுந்திருப்பதை தேவீரம்மா பார்த்தாள். மறுநாள் ஈரமண்ணில் கால்தடம் இருந்தது. அதற்கப்புறம் வளையல் சத்தம் கேட்டது. கம்பிக்கு வெளியிலிருந்து மெல்லிய குரலில் பாட்டும் கேட்டது. அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது என்று பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். ராகம் தெரிந்ததுபோல இருந்தது, வார்த்தை ஒன்றும் ஒட்டவில்லை.

அடுத்த வாரம் சென்னமல்லப்பா என்கிற, பூண்டு வயலில் கூலிக்குப் போகிற ஆள், ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டர் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து கன்னடத்தில் ஏதோ சொன்னார். தேவீரம்மா வழக்கம்போலத் தன் கன்னடத்தை உள்ளே இழுக்கப் பார்த்தாள். அது பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சென்னமல்லப்பா மறுபடி சொன்னார். வாய் அசைந்தது, சத்தம் வந்தது, காற்று மூங்கிலில் புகுந்ததுபோல இருந்தது.

"என்னம்மா சொல்றாரு?" என்றார் டாக்டர்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷத்தில் அவள் சொல்லாத வார்த்தை அது. சென்னமல்லப்பாவின் கை வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இருந்தது.

"வயித்து வலிங்க. நேத்து காரமா தின்னுட்டாராம்."

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சென்னமல்லப்பா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது தேவீரம்மாவின் கன்னடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் சொல்வதை முழுக்கக் கேட்டது. கேட்டு என்ன, டாக்டரிடம் போய்ச் சொல்ல அதற்குத் தமிழ் இல்லை. மறுநாள் அவர் வீட்டுப் பக்கமிருந்து பறைச் சத்தம் கேட்டது. நெஞ்சு அடைத்துப் போய்விட்டார் என்று டாக்டருக்குச் சேதி வந்தது. டாக்டர் அடுத்த நோயாளியின் சீட்டை எடுத்தார். அலமாரியோரம் நின்ற அவருடைய ஆங்கிலம் மட்டும் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது.

அவள் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். விளக்கு வைக்கும் நேரம். தெரு முழுக்க வாசற்படிகளில் ஆட்கள் நின்று தங்களைத் தாங்களே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தேவீரம்மா படிக்கு உள்ளே போய் நின்று திரும்பினாள். முற்றத்தில் அவளுடைய கன்னடம் நின்றது, நன்றாகச் சதை போட்டு, தலைவாரி, பூ வைத்து. எங்கிருந்து பூ கிடைத்தது என்று தெரியவில்லை.

"வா" என்றாள் தேவீரம்மா. அது தமிழ். அவளுக்கு வேறு வார்த்தை இல்லை. நாக்கைப் புரட்டிப் பார்த்தாள், பக்கத்து வீட்டுக்காரியின் கூப்பாட்டைக் கேட்டு அதேபோலக் கத்திப் பார்த்தாள். வெறும் சத்தம்தான் வந்தது. முற்றத்தில் நின்றவள் அசையவில்லை. உள்ளே பூர்விகா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தது.

மகளின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைத் தன்னைப் பார்த்து அவள் கண்டதே இல்லை. கண்டிருப்பாள், அந்த ஞாபகமும் அங்கே, முற்றத்தில் நின்றது. என் பிள்ளையின் சிரிப்பை எனக்குத் திருப்பிக் கொடு என்று அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

நஞ்சுண்டன் வயலிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தான். அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"அவளைக் கூப்பிடு. எனக்கு வரலை. நீ கூப்பிடு, என் பேரைச் சொல்லி வரச்சொல்லு. நம்ம பொண்ணு என்னை விட்டுப் போகுது நஞ்சுண்டா."

"சரிங்க" என்றான் நஞ்சுண்டன், யாருடைய அவசரத்துக்கோ ஒத்தாசை செய்பவனைப்போல. பிறகு முற்றத்தைப் பார்த்துக் கன்னடத்தில் வாயைத் திறந்தான். திறந்ததும் அவனுடைய தமிழ் வெளியே வந்து, தோளில் துண்டோடு, தேவீரம்மாவுக்குப் பக்கத்தில் மரியாதையாகத் தள்ளி நின்றுகொண்டது.

நஞ்சுண்டன் ஏதோ சொன்னான். முற்றத்தில் நின்றவள் பதில் சொன்னாள். அவன் மறுபடி சொன்னான். அவள் ஏதோ கேட்டாள், அவன் சிரித்தான். எத்தனை மாசத்துக்கப்புறம் அவன் சிரித்தான்! தேவீரம்மா இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆயுசு முழுக்க ஒருத்தர் சொல்வதை இன்னொருத்தருக்கு எடுத்துச் சொன்னவளுக்கு, எடுத்துச் சொல்ல இப்போது யாரும் இல்லை. பக்கத்தில் நின்ற துண்டுக்காரனிடம், "என்ன பேசிக்கறாங்க?" என்று கேட்டாள்.

"எனக்கு அந்தப் பாஷை தெரியாதுங்களே" என்றான் அவன்.

முற்றத்தில் நின்றவள் நடந்து வந்தாள். தேவீரம்மாவின் கதவு வழியாக, தேவீரம்மாவின் தோளை உரசிக்கொண்டு போனாள், வேப்பெண்ணெயும் பால் வாசனையுமாக ஏதோ வீசியது. யாரும் யாரையும் தள்ளவில்லை. ஆனால் தேவீரம்மா கீழே பார்த்தபோது அவள் கால் வாசற்படிக்கு வெளியே, மண்ணில் இருந்தது. பின்னால் அடுத்த வீட்டு விளக்கு எரிந்தது. முன்னால் அவள் நிழல் விழவேண்டிய இடத்தில் படி வெறுமனே கிடந்தது.

உள்ளே பூர்விகா ஓடிப்போய் வந்தவளின் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

"அவ்வா!" என்றது.

மூன்று வயதாகப் போகிற குழந்தையின் முதல் வார்த்தை, கன்னடத்து அம்மா. அதன்பின் அணை உடைந்ததுபோல வார்த்தைகள் வந்தன. நீளநீளமாக, கையை ஆட்டி ஆட்டி, வாசலைக் காட்டி, இத்தனை நாள் சேர்த்துவைத்ததையெல்லாம் அது சொல்லிக்கொண்டே போனது. அதில் ஒன்றுகூட தேவீரம்மாவுக்குப் புரியவில்லை. அவர்கள் மூவரும் தட்டுகளை எடுத்துவைத்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். நஞ்சுண்டன் பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான்.

தமிழ் தேவைப்படும்போது கூப்பிடுவார்கள் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கூப்பிடுவார்கள். காய்ச்சல் வந்தால் கூப்பிடுவார்கள். உள்ளே நுழையக் காலைத் தூக்கினாள், கால் படியில் ஏறவில்லை.

பக்கத்தில் நின்ற துண்டுக்காரன், அவள் புருஷனின் முகத்தோடு, புருஷனின் கண்களோடு அவளை உற்றுப் பார்த்தான். அவளைக் கட்டிக்கொண்டவன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்; இவன் நெற்றியில் எங்கேயோ பார்த்த ஞாபகம் மட்டும் சுருங்கி விரிந்தது.

"உங்களை ஆஸ்பத்திரியில பார்த்திருக்கேனுங்க" என்றான் பணிவாக. "ரொம்ப நேரமா நிக்கறீங்க. குழந்தைக்கு ஊசி போட வந்தீங்களா?"

தேவீரம்மா உள்ளே பார்த்தாள். குழந்தை ஒரு வாய் வாங்கிக்கொண்டு சிரித்தது, கன்னத்தில் சோறு ஒட்டியிருந்தது. துடைக்க யாரும் இன்னும் கையை நீட்டவில்லை.

"ஆமாங்க" என்றாள். "ஊசிதான். குழந்தையைக் கொஞ்சம் என் கையில குடுக்கச் சொல்லுங்க."